கலங்கி வந்தால் எழுப்பு

ராமநாதபுரம் மாவட்டத்தில் தண்ணீர் என்பது மூன்று மாதத்து விஷயம். ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் ஆடு, மாடு, மனிதர், பயிர் எல்லாம் அப்போது தேக்கிவைத்ததைக் கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். வைகை எங்கள் மாவட்டத்துக்கு வருவதற்குள் தேனி, மதுரை, சிவகங்கை என்று வழியெல்லாம் பங்கு கொடுத்துவிடும். மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழும். முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்த மிச்சமும் கிடையாது. நிலத்தடி நீர் உப்பு என்பதால் தோண்டிக் குடிக்கவும் வழியில்லை. எங்களுக்கு ஆறும் கண்மாய்தான், கிணறும் கண்மாய்தான்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 39,000 என்று சொல்வார்கள். அதில் எங்கள் ஊர்க் கண்மாயும் ஒன்று. பெயர்பெற்றது அல்ல. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்லப்படும் ராஜசிங்கமங்கலம் கண்மாயின் பெருமையெல்லாம் அதற்கு இல்லை. இரண்டு மடை, ஒரு கலுங்கு, கரையில் வரிசையாகப் பனை, நடுவில் மடைக் கருப்பசாமி பீடம். அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டியவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கண்ணால் பார்த்தால் சரிவே தெரியாத தட்டையான கரிசல் காடு அது. அந்தப் பூமி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மழைத்தண்ணீரின் பின்னாலேயே நடந்து கண்டுபிடித்து, பள்ளத்துப் பக்கம் வளைத்துக் கரை போட்டிருக்கிறார்கள். எங்கள் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில் கடல்.

என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் கரையைக் காப்பது, கலுங்கில் ஏற்றமும் இறக்கமும் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய அப்பாவும் அதே வேலை செய்தவர். கண்மாய்க்குக் கீழே ஒரு குழி நிலம்கூட எங்களுக்குக் கிடையாது. அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. அதைச் சுவந்திரம் என்பார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் ஐயா வீட்டில் படுப்பதில்லை. கருப்பசாமி பீடத்துக்குப் பக்கத்தில் பனையோலை வேய்ந்த சின்னக் குடிசை ஒன்று இருக்கும், அதில்தான் இருப்பார். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பா வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருந்தார். அதனால் அப்பத்தா தூக்குவாளியில் ஊற்றிக் கொடுக்கும் கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுபோகவும், அரிக்கேன் விளக்குப் பிடிக்கவும் நான்தான் போவேன். பொம்பளைப் பிள்ளையை ராத்திரியில் கரைக்கு அனுப்புகிறாயே என்று தெருவில் சிலர் அப்பத்தாவைக் கேட்டார்கள். கரை உடைந்தால் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைத் தண்ணீர் விட்டுவிடுமா என்று அப்பத்தா திருப்பிக் கேட்டது.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கரையும் அதே மண்தான். சித்திரை, வைகாசியில் கரையின் உச்சியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். அதனால் நிறைந்து கிடக்கிற கண்மாயைவிட, நிறைந்துகொண்டிருக்கிற கண்மாய்க்குத்தான் ஐயா பயப்படுவார். வெடிப்புக்குள் புகுந்த தண்ணீரில் மண் ஊறி, உப்பி, வாய் மூடிக்கொள்ளும்வரை கரை நம் கையில் இல்லை என்பார். ஊர் முழுக்க மழை வந்துவிட்டது என்று குதூகலமாக இருக்கும் அந்த முதல் வாரத்தில் ஐயாவின் முகத்தில் மட்டும் சிரிப்பே இருக்காது. சாப்பாடு இறங்காது. யாராவது, என்ன பெரியாளு, பெருகுது போலயே என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

இருட்டிய பிறகு கரையின் வெளிச்சரிவில், அடிவாரத்தை ஒட்டிக் குனிந்து நடப்பார். செருப்புப் போடமாட்டார். விளக்கை நான் அவர் முழங்கால் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே போக வேண்டும்.

“எனக்கு வெளிச்சம் வேணாம் தாயி. மண்ணுக்குக் காட்டு.”

நண்டு வளை, எலி வங்கு, பட்டுப்போன பனையின் வேர் அழுகி உண்டான பொந்து, இவையெல்லாம் தண்ணீர் தேடிக்கொண்டு வரும் வழிகள். நடந்துகொண்டே வருபவர் திடீரென்று நின்றுவிடுவார். காலுக்குக் கீழே ஈரம் வேறு மாதிரி இருக்கும். மழை நனைத்த மண்ணின் ஈரம் மேலாக இருக்குமாம். உள்ளிருந்து வருகிற ஈரம் பாதத்தைச் சில்லென்று பிடித்துக்கொள்ளுமாம். அந்த இடத்தில் உட்கார்ந்து, புல்லை விலக்கி, கசிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுவருவார். கண்ணாடிச் சிமினியின் சூடு என் கையில் படும் அளவுக்கு இருவரும் நெருங்கிக் குனிந்து அந்த ஒரு கை நீரைப் பார்ப்போம். ரேகை தெரிந்தால் சரி. தெரியாமல் பழுப்பாக இருந்தால் அவர் மூச்சு மாறிவிடும்.

“தெளிஞ்சு வந்தா கரை வேர்க்குதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம். நான் அசந்து தூங்கிட்டாலும் நீ வந்து பாரு. தெளிஞ்சு வந்தா நீயும் தூங்கு. கலங்கி வந்தா எழுப்பு.”

கலங்கி வந்த ஓர் இரவு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டிருந்தது. வாடை வலுத்து அடித்ததில் தென்கரையில் அலை மோதிக்கொண்டிருந்தது. ஐயா என்னைத் தெருவுக்கு ஓடச் சொன்னார். நான் போய்க் கூப்பிட்டதும் சித்தப்பாமார் நாலைந்து பேர் வைக்கோலும் சாக்குமாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் அவசரத்தில் மம்பட்டியால் மண்ணை வெட்டி, கசிகிற வாயில் போட்டு மிதிக்கப் போனார். ஐயா அவர் கையைப் பிடித்துவிட்டார். வெளிப்பக்கம் அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறோர் இடத்தில் வெடித்துக்கொண்டு கிளம்பும் என்றார். தண்ணீரைப் போக விடு, மண்ணைப் போக விடாதே. ஓடையிலிருந்து மணல் அள்ளிவந்து கசிவின் மேல் பரப்பினார்கள். அதற்கு மேல் பொடிக்கல், அதற்கு மேல் பெரிய கல். கரைக்கு உள்பக்கம் ஐயாவே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். காலால் துழாவிக்கொண்டே போய், உறிஞ்சுகிற இடம் பாதத்துக்குத் தட்டுப்பட்டதும் அங்கேயே நின்றுகொண்டு கையை நீட்டினார். வைக்கோல் பிரியும் களிமண்ணும் சேர்த்து உருட்டிய உருண்டைகளைக் கரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். மூழ்கி மூழ்கி அடைத்தார். விடிகிற நேரத்தில் வெளிப்பக்கம் கையில் ஏந்திய தண்ணீரில் ரேகை தெரிந்தது. அதைப் பார்த்தவள் நான்தான். ஐயாவுக்குக் குளிரில் பல் கிட்டியிருந்தது.

படித்து முடித்துவிட்டு, கண்மாய்களைக் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு பொறியாளர் வகுப்பு எடுத்தார். மண் அணைகள் உடைவதற்கான காரணங்களில் ‘பைப்பிங்’ என்று ஒன்றைச் சொன்னார். கரைக்குள் ஊடுருவும் நீர் மண் துகள்களை அரித்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே குழாய்போல வழி உண்டாகும். கடைசியில் கரை உட்கார்ந்துவிடும். வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, கலங்கினால் உடனே கவனிக்க வேண்டும். வெளிப்பக்கம் அடைக்காமல் மணல், சரளை, கல் என்று அடுக்கி நீரை வடியவிட்டு மண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும். கரும்பலகையில் அவர் அந்த அடுக்குகளை வரைந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடை மணல், பொடிக்கல், பெரிய கல். வரிசை மாறவில்லை.

அந்த ஒற்றுமை எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடம் போகாத என் ஐயா பாடப்புத்தகத்துக்குச் சமமாக அறிந்திருந்தார் என்று அப்போது பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டும் சமம் அல்ல. பாடத்தில் இல்லாத ஒன்று ஐயாவிடம் இருந்தது. இரவில் யார் விழித்திருப்பது என்ற கேள்விக்கு அவர்தான் பதில். கரை உடைந்தால் கீழே இருக்கும் அத்தனை வயலுக்கும் மறுநாள் காலையில் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடமை இருந்ததால்தான் அவர் பாதத்துக்கு ஈரத்தின் வகை தெரிந்தது. இயற்கையோடு இசைந்து வாழ்ந்தார்கள் நம் முன்னோர் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிட்டிய பற்கள்தான் ஞாபகம் வரும். இசைவு என்றால் அதில் இவ்வளவு பயமா இருக்கும்? மண்ணையும் நீரையும் அறிவதென்பது அவற்றின்பேரில் பிறருக்கு ஜவாப்தாரியாக இருப்பதிலிருந்து வருகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தண்ணீர் பங்கீட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். மழை வந்து முளைக்கும். மார்கழிவரை மழையிலேயே வளரும். மழை நின்ற பிறகு, தையில் பயிர் பால்பிடிக்கிற நேரத்தில்தான் கண்மாய்த் தண்ணீர் தேவைப்படும். அந்தச் சமயத்தில் கண்மாயில் இருப்பதோ அடித்தண்ணீர். பத்து நாள் தண்ணீருக்கு இருபது நாள் தேவை இருக்கும். ஐயா வயல் வயலாக நடந்து கதிரைக் கிள்ளிப் பார்ப்பார். நகத்தில் பால் ஒட்டினால் அந்த வயலுக்கு இன்றைக்கே தண்ணீர். மாவாகிவிட்டால் அது தாங்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் கதிரே வராததற்குக் காத்திருக்க அவகாசம் உண்டு. கடைமடையில் இருப்பவர் எளியவர் என்றால் அவர் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை வாய்க்காலோடு கூடவே நடப்பார். வழியில் யாராவது மடை உடைத்துத் திருப்பிக்கொள்வார்கள் என்பதால்.

ஊரில் நிலமும் செல்வாக்கும் உள்ள ஒருவர் ஒரு தடவை தன் வயலுக்கு முறைக்கு முன்னால் தண்ணீர் கேட்டார். கேட்டார் என்பதைவிட, ஏவினார் என்பதே பொருத்தம். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே தள்ளி இருப்பது. ஊருக்குள் போனால் ஐயா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றும் வயல் வரப்பில் அப்படித்தான் நின்றார். குரல் உயரவில்லை. “மொறை இன்னும் வரலைங்க” என்றார். இரண்டாவது தடவை ஏவியபோதும் அதே வார்த்தை. இடுப்பில் துண்டோடு, தலை குனிந்து, வாய்க்காலைத் திருப்பாமல் நின்றார். ஏவியவர் ஏசிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் கடைமடைக்குப் போனது.

நிலம் இல்லாதவர் கையில் பங்கீட்டை ஏன் கொடுத்தார்கள் என்று பிறகு பல ஊர்களில் விசாரித்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: தன் வயல் என்று ஒன்று இருந்தால் அதற்குத்தானே திருப்பிக்கொள்வான், இல்லாதவனுக்கு எல்லா வயலும் ஒன்றுதான். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. இதில் உள்ள கொடுமை உடனே தெரிவதில்லை. அந்த நடுநிலையை வாங்குவதற்காக ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக நிலமில்லாமல் வைத்திருந்தார்கள். ஊருக்கே தண்ணீரை அளந்து கொடுத்த ஐயா, குடிதண்ணீர் ஊருணியில் மற்றவர்கள் இறங்கும் படித்துறையில் கால் வைக்க முடியாது. அப்பத்தா குடத்தை எடுத்துக்கொண்டு மறுகரைக்குச் சுற்றிப் போகும். அதே ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டிச் சுத்தம் செய்தவர்களும் எங்கள் தெருக்காரர்கள்தான்.

இதைப் படிப்பாளிகளும் கவனித்திருக்கிறார்கள். மானுடவியல் அறிஞர் டேவிட் மாஸ், பழைய ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்ப் பாசனத்தை ஆராய்ந்து ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூலை 2003இல் வெளியிட்டார். கண்மாய் நிர்வாகம் என்பது ஊரார் கூடி அன்போடு நடத்திய பொதுக்காரியம் என்ற சித்திரத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. அரசதிகாரம், சாதி, கௌரவம் எல்லாம் சேர்ந்தே தண்ணீரை ஓட்டின என்று காட்டினார். ஊராரே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து என்று இன்று பெருமையோடு சொல்கிற ஏற்பாட்டையும் வெள்ளைக்காரர் ஆட்சியில் 1858ஆம் வருடத்துக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலமாகத்தான் எழுதிவைத்தார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கட்டாயம் இருக்கிறது. அந்த நூலை வாசித்தபோது எனக்கு மனசு லேசானது. ஐயாவின் திறமையை வியக்கவும், அவரை அந்த நிலையில் வைத்திருந்த ஊரை மன்னிக்காமல் இருக்கவும் ஒரே சமயத்தில் இடம் உண்டு என்று அது காட்டியது.

ஐயா காலமான பிறகு சில வருடங்கள் தொடர்ந்து மழை பொய்த்தது. நெல் போடுவது குறைந்து, சுவந்திரம் நின்றுபோனது. நீர்பாய்ச்சி வேலைக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் மனமில்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்களின் பணத்தில் தெருவில் ஓட்டு வீடுகள் எழுந்தன. அந்த மாற்றத்தை நான் சந்தோஷமாகவே பார்க்கிறேன். அதே காலத்தில் கண்மாய்க்குள் சீமைக் கருவேல் புகுந்தது.

1950, 60களில் விறகுக்காகவும் வேலிக்காகவும் விதை தூவப்பட்ட மரம். ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. வரத்துக்காலில் தொடங்கி, கண்மாயின் உள்வாய் முழுவதும் முள்காடானது. மழை பெய்தால் தண்ணீர் வந்து சேர வழியில்லை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திக்கொள்வார்கள். என்னால் முடியாது. ஏனென்றால் அந்த வறட்சி வருடங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மரத்தால்தான். என் அம்மா கரிமூட்டம் போடப் போனது. முள்ளை வெட்டி, கட்டைகளைத் துண்டாக்கி, வட்டமாக நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண் பூசி மூடி, உச்சியில் நெருப்பு வைப்பார்கள். நாள்கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே புகையும். எங்கேனும் மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் கட்டையெல்லாம் சாம்பலாகிவிடும். ஆகவே ராத்திரியும் பகலும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அம்மா புகையைப் படிக்கும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் கட்டையில் இன்னும் ஈரம் இருக்கிறது. மெலிந்து நீலம் பாரித்தால் கரி விளைந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் புகைந்தால் அந்தப் பக்கம் மண் இளகியிருக்கிறது. நான் விடுமுறைக்குப் போயிருந்த ஓர் இரவில் அம்மா மூட்டத்தின் மேல் கையை வைத்து வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தது. விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்துக் கறுத்திருந்தது. ஒரு விரிசலைக் கண்டதும் ஈரமண்ணை எடுத்து அப்பிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தது. ஐயா கரையில் நடந்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மருமகளுக்கு மாமனார் ஒன்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெளியிலிருந்து வந்த மரம், நேற்று வந்த தொழில். ஆனாலும் அதே கவனம் அங்கே முளைத்திருந்தது. பரம்பரை அறிவு அழிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு பொருள்மேல் வயிறும் பொறுப்பும் ஒருசேர விழுந்தால் கண்ணும் கையும் தாமாகக் கூர்மையாகின்றன.

2017இல் சீமைக் கருவேலை வேரோடு அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது மாவட்டமே பொக்லைன் சத்தத்தில் அதிர்ந்தது. சில மாதங்களில் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் கண்மாயில் பாதி மரம் போனது. கண்மாய்க்குள் அந்த மரம் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கரியில் பிழைத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மாவட்டத்தில் சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. அந்த இரண்டு இடங்களும் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கண்மாய்க்குள் மரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. எந்த மரம், எவ்வளவு, எந்த இடத்தில் என்பது அங்கேயே நடமாடுகிறவர்களுக்குத் தெரியும்.

கணக்கெடுப்பு வேலையில் நான் போன கண்மாய்களில் பெரும்பாலும் ஒரே காட்சி. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை ஒரு துறையின் கையில், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். பதிவேட்டில் பரப்பு, கொள்ளளவு, கரை நீளம், மடை எண்ணிக்கை எல்லாம் இருக்கும். நீர்பாய்ச்சி என்று ஒரு பத்தி இருக்காது. ஒரு கண்மாயில் ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை வைத்துக் கரையோரமாகவே ஆழமாகத் தோண்டியிருந்தார். பார்க்கப் பிரமாதமாக இருந்தது, தண்ணீரும் நின்றது. ஆனால் பள்ளத்தின் தரை மடையின் வாயைவிட வெகு கீழே. அந்தத் தண்ணீர் ஒருநாளும் வயலுக்கு ஏறாது. அதோடு கரையின் கால் பலவீனமாகிவிட்டது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், “கரம்பை வரைக்கும்தான் அள்ளணும்மா, அதுக்குக் கீழ போனா கண்மாய்க்கு அடிவயிறு கிழிஞ்சிரும்” என்றார். வண்டல் படிந்த கரம்பையை அள்ளி வயலுக்கு அடித்தால் கண்மாயும் ஆழமாகும், வயலும் வளமாகும். அதற்கு அடியில் இருக்கும் களி அடுக்கைக் குடைந்தால் தேங்குகிற நீர் பூமிக்குள் இறங்கிவிடும்; சில இடங்களில் உப்பும் மேலே வரும். அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதை அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை. பழகிப்போயிருந்தது.

எங்கள் கண்மாயிலும் பழைய கல் தூம்பை எடுத்துவிட்டு இரும்புக் கதவும் திருகும் பொருத்தினார்கள். நல்ல ஏற்பாடுதான், மூச்சடக்கி மூழ்கி அடைப்பைப் பிடுங்க வேண்டியதில்லை. அந்தத் திருகைச் சுழற்றும் கைப்பிடி யாரிடம் இருப்பது என்பதில்தான் வம்பு. கொஞ்ச காலம் ஒருவர் வீட்டில் இருந்தது. பிறகு காணாமல் போனது. பிறகு ஆளாளுக்கு இடுக்கி வைத்துத் திருகி மரை தேய்ந்துவிட்டது. இப்போது கதவு முழுதாக மூடுவதில்லை.

போன கோடையில் ஊர்க்கூட்டத்துக்குப் போயிருந்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் ஆலமரத்தடியில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வரத்துக்காலில் எங்கே மண் மேடிட்டிருக்கிறது, சாலைக்குக் குறுக்கே போட்ட குழாய்ப்பாலம் எங்கே கால் மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, கரையில் எந்த இடத்தில் நண்டு வளை அதிகம் என்றெல்லாம் எழுதி வைத்ததுபோல் சொன்னது என் அத்தை ஒருத்தி. வெயிலில் அந்த மண்ணை வெட்டிச் சுமக்கிறவர்கள் அவர்கள்தானே. ஆயக்கட்டுக்காரர்கள் கவனித்துக் கேட்டார்கள். மழைக்காலம் மூன்று மாதத்துக்கு ஆள் போட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி வசூலித்துக் கொடுக்கலாம் என்பதுவரை பேச்சு நகர்ந்தது.

அத்தை எழுந்து நின்று கேட்டது: “கரையில ராத்திரி முழிக்கிறது நாங்க. கூட்டத்துல எங்க பேரு இருக்குமா?”

அங்கேதான் முட்டியது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000இல் வந்த சட்டம் நிலம் உள்ளவர்களைத்தான் உறுப்பினராகக் கொள்கிறது என்றார் ஒருவர். கூலி தருகிறோம், அதற்கு மேல் எதற்கு என்றார் இன்னொருவர். இளவட்டம் ஒருவன், அவர்கள் இல்லாமல் கதவை மூட யாருக்குத் தெரியும் என்று தன் சொந்த அப்பாவையே எதிர்த்துப் பேசினான். சாயங்காலம்வரை போய் முடிவில்லாமல் கலைந்தது.

அந்தப் பெண்களுக்காக நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூலி மாதாமாதம் பணமாக வேண்டும், களத்தில் அல்ல. கைப்பிடி அவர்களிடம் இருக்க வேண்டும். கண்மாய்க் கமிட்டியில் இரண்டு இடம், ஓட்டுரிமையோடு. கண்மாய்க்குக் கீழே தரிசாகக் கிடக்கும் புறம்போக்கில் அவர்களுக்குப் பட்டா கொடுப்பதைப் பற்றி ஊராட்சி எழுத்துமூலம் பதில் சொல்ல வேண்டும். நிலம் வந்துவிட்டால் பங்கீட்டில் ஓரவஞ்சனை வருமே என்று யாரோ கேட்பார்கள் என்று அத்தைக்குத் தெரியும். அதற்கும் ஒரு பதிலை மனுவின் கடைசியில் சேர்க்கச் சொன்னது: முறைக் கணக்கை மடைக்குப் பக்கத்தில் பலகையில் எழுதிப் போடுவோம், யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.